சென்னை சிட்டி ஜெயித்த 2018–19 ஐ-லீக் முதல் டிவிஷனா, இரண்டாவது டிவிஷனா? ஒரு டீக்கடைப் பஞ்சாயத்து

குன்னூர் மேட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சண்டையைத் தீர்த்து வைக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்ஃபோர்டு பக்கம் டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ போய் கால்பந்தில் வந்து நின்றது. நான் சும்மா இருக்காமல், "நம் மாநிலத்து டீம் இந்தியாவின் தேசிய லீக்கை ஜெயித்ததைக் கேலரியில் நின்று கண்ணால் பார்த்தவன்டா நான்" என்று சொல்லிவிட்டேன். என் அக்கா மகன், காலேஜ் இரண்டாம் வருஷம், வாயில் இருந்த வர்க்கியைக் கூட முழுங்காமல் சிரிக்கிறான். "மாமா, அது ஐ-லீக். செகண்ட் டிவிஷன். ஐ.எஸ்.எல்.தான், இந்தியன் சூப்பர் லீக்தான் டாப். நீங்கள் பார்த்தது செகண்ட் டிவிஷன் கப்பு." கடையில் இருந்த மற்ற பையன்களும் அவன் பக்கம். டீ மாஸ்டர் மட்டும் நடுநிலை, ஏனென்றால் அவருக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது, இதெல்லாம் எங்கே. யார் சொன்னது தப்போ அவர்கள்தான் மொத்த பில்லையும் கட்ட வேண்டும் என்று பந்தயம்.

நான் பார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்வி. 2019 மார்ச் 9, சனிக்கிழமை. நாங்கள் நான்கு பேர் ஒரு ஆம்னி வேனில் கீழே இறங்கினோம். ஐந்து மணிக்கு மேட்ச், பன்னிரண்டுக்குக் கிளம்பினால் தாராளம் என்று கணக்கு. பர்லியாரில் ஒரு லாரி வளைவில் மாட்டிக்கொண்டு நின்றதில் கணக்கு போச்சு. மேட்டுப்பாளையத்தில் சாப்பாடு கூட கிடையாது, வாழைப்பழம்தான். கோவை நேரு ஸ்டேடியத்துக்கு எதிரே வ.உ.சி. பூங்கா ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, குன்னூரில் போட்ட ஸ்வெட்டரோடு வேர்த்து ஊற்ற ஓடுகிறோம், உள்ளே இருந்து ஒரு "ஐயோ" கேட்கிறது. ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாகச் சொல்லும் ஐயோ. மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. அந்தக் கோலை நாங்கள் பார்க்கவே இல்லை, காதால் கேட்டதோடு சரி.

ஹாஃப் டைம் வரை 0-1. பக்கத்தில் ஒரு பெரியவர், கோவைக்காரர், எங்களைப் பார்த்து "மேலிருந்து வந்து குளிரைக் கொண்டுவந்துவிட்டீர்கள்" என்றார். இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் ஒன்று, கவுரவ் போரா ஒன்று, கடைசியில் கூடுதல் நேரத்தில் போரா இன்னொன்று, 3-1. அந்தப் பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்து ஸ்வெட்டரை நனைத்துவிட்டார். திரும்பி வரும்போது காட்டேரி அருகே ஒரே மூடுபனி, ஒருத்தர் தலையை வெளியே நீட்டி வழி சொல்ல வீடு வந்து சேர இரவு ஒன்றரை.

இப்போது கேள்விகள். அந்த சீசன் முதல் டிவிஷனா இல்லையா? அன்றைக்குக் கணக்கு எப்படி இருந்தது, டிரா ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் மேட்சில் கத்திக்கொண்டே இருந்ததில் எனக்குப் பட்டியலே சரியாகத் தெரியாது. அப்புறம் அந்த டீம் என்ன ஆனது? கொரோனாவுக்குப் பிறகு நான் தொடரவில்லை.


கூடலூர் செவன்ஸ் எழுதியது:

அண்ணா, முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நான் உங்கள் மேட்சைப் பார்க்கவில்லை. கூடலூர், பந்தலூர் பக்கம் நாங்கள் பாதி மலப்புறம், எங்களுக்கு ஊரில் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் மேட்ச் என்றால் கல்யாணத்தைத் தள்ளி வைப்பார்கள். அதனால் நான் கோகுலம் கேரளா கட்சி. அதே நாள் அதே ஐந்து மணிக்குக் கோழிக்கோட்டில் கோகுலத்துக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் மேட்ச். கோப்பை யாருக்கு என்பது அந்த இரண்டு மைதானங்களிலும் சேர்த்துத்தான் முடிவானது.

கணக்கு இதுதான். மொத்தம் 11 டீம், ஆளுக்கு 20 மேட்ச். கடைசி நாளுக்கு முன்னால் சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. நீங்கள் ஜெயித்தால் 43, யாரும் தொட முடியாது. டிரா என்றால் 41, ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 42, கோப்பை கொல்கத்தாவுக்கு. உண்மையில் ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்கவும் செய்தது, 2-1. அதாவது நீங்கள் நின்ற கேலரியில் அந்த ஸ்கோர் 1-1 என்றே நின்றிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியே கேட்டிருக்க மாட்டீர்கள்.

அதிலும் ஒரு கூத்து. நாங்கள் கடைக்கு வெளியே பெரிய டிவி வைத்து கோழிக்கோடு மேட்ச் பார்க்கிறோம், கையில் மொபைலில் கோவை ஸ்கோர். மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்குக் கோல் போட்டார், நாங்கள் குதிக்கிறோம். கிட்டத்தட்ட அதே நேரத்தில் அங்கே போராவின் முதல் கோல். அப்போது பார்த்தால் சென்னை சிட்டிக்கு எல்லாமே வெண்ணெய்யாய் இருந்தது. அப்புறம் ஈஸ்ட் பெங்கால் கடைசிப் பதினைந்து நிமிஷத்துக்குள் இரண்டு போட்டது. கோவையில் 2-1 நிற்கிறது, ஒரே ஒரு கோல் வாங்கினால் முடிந்தது கதை. சென்னை சிட்டியின் அந்த மூன்றாவது கோலைப் போரா போடும்வரை எங்கள் கடையில் ஒருத்தனும் உட்காரவில்லை. எங்கள் டீம் தோற்றுக்கொண்டிருக்கிறது, நாங்கள் வேறு ஊர் டீமுக்காகப் பதறுகிறோம். பாதி தமிழ்க்காரன் அல்லவா.

இது கடைசி நாள் வரை வந்ததே சென்னை சிட்டியின் தப்புதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 1 கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்றார்கள். அதை ஜெயித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், உங்களுக்கு பர்லியாரில் லாரிக்குப் பின்னால் நிற்கும் வேலை இருந்திருக்காது.

உங்கள் அக்கா மகனுக்குப் பதில்: அந்த வருஷத்துக்கு அவன் சொல்வது தப்பு. ஐ.எஸ்.எல்.லுக்கு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (ஏ.எஃப்.சி.) 2017இல் அங்கீகாரம் தந்தது. அதன் பிறகு சில வருஷங்கள் இரண்டு லீக்கும் பக்கம் பக்கமாக, இரண்டுமே மேல்மட்டம் என்ற கணக்கில் நடந்தன. அதில் ஏ.எஃப்.சி. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று இடம் யாருக்கு? ஐ-லீக் ஜெயித்தவருக்கு. ஐ.எஸ்.எல். ஜெயித்தவருக்கு அதற்கு ஒரு படி கீழே இருந்த ஏ.எஃப்.சி. கப் இடம். அந்த சீசன் ஐ.எஸ்.எல். ஜெயித்த பெங்களூரு ஏ.எஃப்.சி. கப்புக்குத்தான் போனது. 2019 அக்டோபரில்தான் கூட்டமைப்பு இதை மாற்றி, ஐ.எஸ்.எல்.லை முன்னால் வைத்தது. ஐ-லீக் ஐ.எஸ்.எல்.லுக்குக் கீழே, ஜெயித்தால் மேலே ஏறலாம் என்ற முழுமையான இரண்டாம் மட்டமாக ஆனது 2022–23 சீசனில். பையன் கால்பந்து பார்க்க ஆரம்பித்ததே அதற்கு அப்புறமாக இருக்கும்.


ஏரிக்கரை நண்பன் எழுதியது:

நான் ஊட்டி, நான் பையன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள்.

காகிதத்தில் யார் மேல் என்பது சரி, ஆனால் ஆட்டத்தின் தரம் என்று ஒன்று உண்டு. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய டீமில் பெரும்பாலானவர்கள் ஐ.எஸ்.எல். ஆட்டக்காரர்கள். பணம் அங்கே, டிவி அங்கே, பெரிய கோச்சுகள் அங்கே. ஐ-லீக் மேட்சை டிவியில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது நினைவிருக்கிறதா? நன்றாக ஆடும் ஒரு பையன் அகப்பட்டால் அடுத்த வருஷம் ஐ.எஸ்.எல். கொத்திக்கொண்டு போகும். சென்னை சிட்டிக்கே அது நடந்ததுதானே, 2017–18இல் பட்டையைக் கிளப்பிய கன்னியாகுமரிப் பையன் மைக்கேல் சூசைராஜ் 2018இல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அவர் இல்லாமல் ஜெயித்ததுதான் அதிசயம், அதை மறுக்கவில்லை.

ஆனால் "இந்தியாவின் நம்பர் ஒன்" என்று நெஞ்சை நிமிர்த்துவது கொஞ்சம் ஓவர். நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பாதிப் பேருக்கு மேல் ஆடாத லீக்கில் ஜெயித்து நம்பர் ஒன் என்றால், நான் எங்கள் தெருவில் செஸ் சாம்பியன், மற்றவர்களுக்கு ஆடத் தெரியாது.


பழைய கீப்பர் (அருவங்காடு) எழுதியது:

ஏரிக்கரை தம்பி, நீ சொல்வதில் பாதி நியாயம், அந்தப் பாதியை நானே உனக்குத் தருகிறேன். மீதிப் பாதிக்கு ஒரே ஒரு மேட்ச் சொல்கிறேன். 2019 ஏப்ரல், புவனேஸ்வரில் சூப்பர் கப், இரண்டு லீக் டீம்களும் சேர்ந்து ஆடும் போட்டி. கால் இறுதியில் அந்த வருஷத்து ஐ-லீக் சாம்பியனும் ஐ.எஸ்.எல். சாம்பியனும் நேருக்கு நேர். சென்னை சிட்டி 2, பெங்களூரு 1. அரை இறுதியில் கோவாவிடம் 3-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஐ.எஸ்.எல். டீம்களிடம் ஐ-லீக் டீம்கள் நிற்கவே முடியாது என்று பேசியவர்கள் அன்றைக்கு வாயை மூடினார்கள். இன்னொன்று, அதே சீசனில் சென்னை நகரத்து ஐ.எஸ்.எல். டீமான "சென்னையின் எஃப்.சி.", முந்தின வருஷச் சாம்பியன், 18 மேட்சில் 9 புள்ளியோடு கடைசி இடம். ஒரே மாநிலம், ஒரே வருஷம், ஒன்று தலையில், ஒன்று காலடியில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு டிவிஷன் பஞ்சாயத்தில் அவ்வளவு ருசி இல்லை. எனக்கு அந்த டீம் ஆடின விதம்தான் பெரிது.

நான் முப்பது வருஷம் கோல் போஸ்டில் நின்றவன். எனக்குக் கோச் சொல்லிக் கொடுத்தது இரண்டே விஷயம்: பந்து வந்தால் பிடி, பிடித்தால் தூக்கி அடி. நம் மலை மைதானங்களில் வேறு என்ன செய்ய முடியும், ஒரு பக்கம் சரிவு, மழை பெய்தால் சேறு, சாயங்காலம் மூடுபனி இறங்கினால் எதிர் போஸ்டே தெரியாது, கூச்சலை வைத்துத்தான் கோலா இல்லையா என்று புரிந்துகொள்வோம். அப்படி வளர்ந்தவன் 2018 அக்டோபர் 26 அன்று முதல் மேட்சுக்கு, இந்தியன் ஏரோஸோடு, சும்மா பொழுதுபோக்காகக் கீழே போனேன். கீப்பர் நவ்செத் சந்தானா பந்தைத் தூக்கி அடிக்கவே மாட்டேன் என்கிறார். பக்கத்தில் நிற்கிற பேக்குக்குச் சின்னதாகத் தட்டுகிறார். எதிராளி பாய்ந்து வருகிறான், எனக்கு இங்கே கேலரியில் கால் நடுங்குகிறது, அவர்கள் நிதானமாக நான்கு பாஸில் நடுவே கொண்டுவந்துவிடுகிறார்கள். 4-1. மான்சி ஹாட்ரிக். அன்றைக்கே வீட்டில் சொன்னேன், இந்த வருஷம் மாதம் ஒரு தரமாவது கோயம்புத்தூர் உண்டு என்று. வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். வெளிநாட்டு ஆட்கள் என்றால் நம் ஊரில் வயதான பெரிய பெயராகத்தான் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவர்கள் பெயர் கேள்விப்படாத ஆட்களாகப் பார்த்து எடுத்தார்கள். மான்சி உருகுவேயில் பிறந்து ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர். நெஸ்தோர் கொர்தீயோ, சாந்த்ரோ, பின்னால் எஸ்லாவா, எல்லோரும் அதே ஸ்பெயின் பள்ளிக்கூடம். ஒருத்தருக்கு ஒருத்தர் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். கூட ஓடினது நம் பையன்கள். சென்னைப் பையன் எட்வின் சிட்னி வான்ஸ்பால் நடுவில், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் விங்கில், அஜித்குமார் பேக்கில். மான்சி 21 கோல் போட்டார், சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21. பேப்பர்க்காரர்கள் மான்சியைப் பற்றித்தான் எழுதினார்கள். நான் அஜித்குமாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு பேக் இத்தனை தடவை மேலே ஏறி இத்தனை தடவை திரும்பி ஓட முடியுமா என்று. நம் மலைப் பையனுக்கு அந்த மூச்சு இருக்கும், அவருக்கு எங்கிருந்து வந்ததோ.

அந்த சீசனில் நான் பயிற்சி கொடுக்கும் பொடிப் பையன்கள் பதினோரு பேரை இரண்டு தரம் அரசுப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். முதல் தரம் மூன்று பேர் வாந்தி, கல்லார் வருவதற்குள் சாம்பார் சாதம் தீர்ந்தது, ஒன்று வெளியே போனது, மற்றது உள்ளே போனது. திரும்பி வந்ததும் அடுத்த மேட்சில் பையன்கள் சென்னை சிட்டி மாதிரியே ஆடுவோம் சார் என்று நின்றார்கள். சரி என்று விட்டேன். எங்கள் கீப்பர் நவ்செத் மாதிரி சின்னதாகத் தட்ட, பந்து சரிவில் உருண்டு நேராக எதிர் ஃபார்வர்டு காலுக்குப் போக, ஐந்து கோல் வாங்கினோம். ஆறாவதை மூடுபனி தடுத்தது. ஆனால் அடுத்த வருஷம் அதே பையன்கள் பந்தைத் தரையில் வைத்து ஆடினார்கள். முப்பது வருஷம் கத்தியும் என்னால் சொல்லிக் கொடுக்க முடியாத விஷயம் அது.

இதற்கு முன்னால் நம் மாநிலத்திலிருந்து தேசிய லீக் என்றால் இந்தியன் பேங்க் ஆடியதுதான் எனக்குத் தெரியும். 1996இல் தேசிய லீக் தொடங்கியதிலிருந்து, 2007இல் அது ஐ-லீக் ஆன பிறகும், ஒரு தமிழ்நாட்டு டீம் கோப்பையைத் தொட்டது அந்த ஒரு தடவைதான்.


கோத்தகிரி வேணி எழுதியது:

ஒரு குறுக்கீடு. "அந்த ஒரு தடவைதான்" என்று எழுதிய கீப்பர் அண்ணனுக்கு: ஆண்கள் லீக் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 2019, மே மாதம், லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டத்தில் மதுரையின் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3-1 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கியது. ஒரே வருஷத்தில் ஆண், பெண் இரண்டு தேசிய லீக்கும் தமிழ்நாட்டில். இதை எந்த டீக்கடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஹட்டியில் இரண்டு பெண்கள் அந்த வருஷம்தான் காந்தி மைதானத்தில் பையன்களோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தார்கள், அதற்கு சேது காரணமா, சென்னை சிட்டி காரணமா, அண்ணன் பழைய பூட்ஸைத் தூக்கிக் கொடுத்தது காரணமா என்று என்னால் சொல்ல முடியாது.

அப்புறம் அந்த ஐ-லீக் சீசனைப் பற்றிப் பேசும்போது ரியல் காஷ்மீரை விட்டுவிடுகிறீர்கள். முதல் வருஷம் வந்த டீம், மூன்றாவது இடம். நம்மைப் போல மலைக்காரர்கள். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு மினர்வா ஸ்ரீநகருக்கு ஆட வரவே இல்லை. அந்த நாட்களில் எனக்கு மனசு அந்தப் பக்கம்தான் இருந்தது.


பழைய கீப்பர் (அருவங்காடு) எழுதியது:

தப்புதான் தங்கச்சி. திருத்திக்கொண்டேன். அந்த இரண்டு பெண்களில் யாராவது கீப்பராக நிற்கிறார்களா? என் பழைய கிளவுஸ் சும்மா கிடக்கிறது.


குன்னூர் மேட்டுக்காரன் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. சூப்பர் கப் விஷயத்தைப் பையனிடம் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. நல்ல சகுனம்.

ஆனால் மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டீம் எங்கே? நடுவில் ஏதோ சுவிட்சர்லாந்து கிளப் வாங்கிவிட்டது என்றெல்லாம் படித்தேனே.


கூடலூர் செவன்ஸ் எழுதியது:

அதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் எல்லோரும் நழுவிக்கொண்டிருந்தோம் அண்ணா.

வாங்கிவிடவில்லை. எஃப்.சி. பாசல் 2019 ஜனவரியில் 26 சதவீதப் பங்கு எடுத்தது. கோப்பை ஜெயிப்பதற்கு இரண்டு மாசம் முன்னால். அப்போது எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை, அகாடமி வரும், நம் பையன்கள் ஐரோப்பா போவார்கள் என்று.

ஜெயித்த உடனே டீம் கலைய ஆரம்பித்தது. எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார், கொர்தீயோ ஹைதராபாத் போனார், அதுவும் ஒப்பந்தத் தகராறில் அவருக்குத் தடையே விழுந்தது. சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று 2020 ஜனவரியில், பஹ்ரைனின் அல் ரிஃபா டீமோடு. சொந்த மண் மேட்ச். ஆனால் எங்கே நடந்தது தெரியுமா? அகமதாபாத்தில். உங்களைப் போல மலையிலிருந்து வேன் பிடித்து வந்த ஒருத்தர் கூட அந்தக் கேலரியில் இல்லை. 0-1. மான்சி அந்த மாசமே ஜப்பானுக்கு, அல்பிரெக்ஸ் நீகாட்டா கிளப்புக்குப் போய்விட்டார். மார்ச்சில் அதே அகமதாபாத்தில் ஏ.எஃப்.சி. கப்பில் மாலத்தீவு மாசியாவோடு 2-2. அதோடு கொரோனா.

2020–21 ஐ-லீக் முழுவதும் கொல்கத்தாவிலும் பக்கத்து ஊரான கல்யாணியிலும் பூட்டி வைத்து நடந்தது, அதில் ஆடினார்கள், பட்டியலின் கீழ்ப்பக்கம். அடுத்த சீசனுக்குக் கிளப் லைசென்ஸ் விதிமுறைகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று லீக்கிலிருந்தே வெளியே. மைதானத்தில் தோற்று கீழே இறங்கியிருந்தால் கூட மனசு ஆறும்.

எனக்கு உறுத்துவது வேறு. 2019 மார்ச் 9, ஐந்து மணிக்கு இறங்கிய நான்கு டீமை எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் பெங்கால் 2020இல் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. உங்களிடம் தோற்ற மினர்வா கை மாறி, பெயர் மாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்று 2022–23 ஐ-லீக்கை ஜெயித்து, ஜெயித்ததனால் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் டீம் ஆனது. எங்கள் கோகுலம் 2020–21, 2021–22 என்று அடுத்தடுத்து இரண்டு கோப்பை. நான்கில் மூன்று இப்படி. அன்றைக்குக் கோப்பை ஜெயித்த டீம் மட்டும் மேல்மட்டத்தில் எங்கேயும் இல்லை.


ஏரிக்கரை நண்பன் எழுதியது:

சரி, என் தெரு செஸ் உதாரணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த சூப்பர் கப் மேட்ச் எனக்கு மறந்தே போயிருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோவையில் அந்த டீமுக்கு உண்மையான வேர் இருந்ததா? பெயர் சென்னை. முதல் சீசன், 2016–17, சென்னை நேரு ஸ்டேடியத்தில். அடுத்ததிலிருந்து கோவை நேரு ஸ்டேடியத்தில். பெரிய மேட்ச் வந்தால் அகமதாபாத். கோவைக்காரன் அதைத் தன் டீம் என்று சொல்லிக்கொண்டானா? எங்கள் ஊட்டியில் நான் பார்த்தவரை, ஜெயித்த அன்றைக்கு எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தார்கள், காணாமல் போனபோது ஒருத்தருக்கும் தெரியவில்லை. நானும் அதில் ஒருத்தன். ஈஸ்ட் பெங்கால் மாதிரி ஒரு கிளப்பை லீக்கிலிருந்து வெளியே அனுப்பியிருந்தால் கொல்கத்தாவில் டிராம் ஓடியிருக்காது.


பழைய கீப்பர் (அருவங்காடு) எழுதியது:

தம்பி, அது பழைய கிளப்தான், நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று 1946இல் ஆரம்பித்ததன் வழியில் வந்தது. வேர் சென்னையில் இருந்தது, பழம் கோவையில் காய்த்தது. இடம் பெயர்ந்த மரத்துக்கு வேர் பிடிக்க மூன்று நான்கு வருஷம் வேண்டும், தேயிலை வைத்தவனைக் கேள். அதற்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. எனக்கு வேர் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். போன வாரம் கூட மேட்டுப்பாளையம் ரோடு பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு வேலையாகப் போனவன், கால் தானாக வ.உ.சி. பூங்கா பக்கம் திரும்பியது. கேட்டில் நின்று பார்த்தேன், நான்கு பேர் டிராக்கில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தார்கள்.


குன்னூர் மேட்டுக்காரன் எழுதியது:

தீர்ப்பு வந்துவிட்டது, கேளுங்கள். பையன் இந்தத் திரி முழுவதையும் படித்துவிட்டான். நேற்றுச் சாயங்காலம் அதே கடை. "மாமா, 2019 வரைக்கும் உங்கள் கணக்கு சரி. 2022க்கு அப்புறம் என் கணக்கு சரி. அதனால் பில் பாதிப் பாதி" என்கிறான். டீ மாஸ்டரும் தலையை ஆட்டிவிட்டார், அவருக்குக் காசு வந்தால் சரி. நானும் சரி என்று பர்ஸை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.


பழைய கீப்பர் (அருவங்காடு) எழுதியது:

பாதிப் பாதி என்றால் டிரா. கூடலூர் தம்பி மேலே போட்ட கணக்கை ஒரு தரம் திரும்பப் படி. அன்றைக்கு டிரா ஆகியிருந்தால் கோப்பை யாருக்குப் போயிருக்கும்? போய்ப் பையனிடம் மீதியை வாங்கு.